முதல் மழைக்கு வருவோம்

கூரைக் கடை என்று பெயர்தானே தவிர, அங்கே கூரை என்று எதுவும் விற்பதில்லை. ஷீட், ஸ்க்ரூ, முகட்டுத் தகடு எல்லாம் மொத்தக் கடையிலிருந்து நேரே வேலை நடக்கிற வீட்டு வாசலில் போய் இறங்கிவிடும். கடையில் இருப்பதெல்லாம் ஒரு மேஜை, மேலே கடகடவென்று ஓடும் ஒரு ஃபேன், சுவரோரம் சாய்த்து வைத்த நாலு ஏணி, தகரம் வெட்டும் கத்தரிகள் கிடக்கும் ஒரு டிரம், அப்புறம் ஒரு போன். போன்தான் கடை. அதைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு வேலையாட்கள் வைத்த பெயர் ஆபீஸம்மா. ஒரு மேஜை போட்டால் ஆபீஸ், அதன் பின்னால் ஒரு பொம்பளை உட்கார்ந்தால் ஆபீஸம்மா, அவ்வளவுதான்.

வீடு ஒழுகினால் மனுஷன் முதலில் பாத்திரத்தை வைக்கிறான், அடுத்ததாகப் போனை எடுக்கிறான். பக்கத்தில் கூரை வேலை செய்கிறவர்கள் யார் என்று தட்டினால் ஏழு கடை வந்து நிற்கும். அதில் நாலு புள்ளி எட்டு ஸ்டார் இருக்கிறவனுக்குப் போன் போகும். மூணு புள்ளி ஒன்பது இருக்கிறவன் தங்கத்தகட்டில் கூரை போட்டுத் தந்தாலும் சீந்த ஆள் கிடையாது. இந்தக் கடைக்கு நாலு புள்ளி எட்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ரிவ்யூ எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழேயும் உரிமையாளரின் பதில் என்று நாலு வரி இருக்கும். உரிமையாளர் அதில் ஒன்றைக்கூட எழுதியதில்லை. எல்லாம் அவர் பெண்டாட்டி எழுதியது.

உரிமையாளருக்கு முகட்டார் என்று பெயர். எந்த வீட்டுக்குப் போனாலும் "முதல்ல முகட்டப் பாரு" என்று ஆரம்பிப்பார், அதில் ஒட்டிக்கொண்ட பெயர். முப்பதடி உயரத்தில் நின்று பீடி பற்றவைக்கிற மனுஷருக்கு, போனில் ஒரு வரி அடிக்கச் சொன்னால் வியர்த்துவிடும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளருக்கு மெசேஜில் நன்றி சொல்லப் போய் கட்டைவிரல் எங்கோ பட்டு, பல்லைக் கடிக்கிற சிவப்பு மூஞ்சி பொம்மை ஒன்று போய்விட்டது. அந்த வாடிக்கையாளர் பயந்துபோய் மறுநாளே நேரில் வந்து, ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டார். அன்றிலிருந்து போன் ஆபீஸம்மா கைக்கு வந்தது.

போன வருஷம் முகட்டார் இறந்துபோனார். கூரையிலிருந்து விழுந்துதான். அதற்குப் பிறகும் உரிமையாளரின் பதில் நிற்கவில்லை.

அவர் போன மூன்றாவது வாரம் யாரோ ஒருத்தர் பழைய வேலைக்கு நாலு ஸ்டார் போட்டு, ஆட்கள் நல்லவர்கள், கொஞ்சம் சத்தம் அதிகம் என்று எழுதியிருந்தார். ஆபீஸம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி, எப்போதும் போலப் பதில் போட்டாள். மிக்க நன்றி ஐயா, அடுத்த முறை சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறோம். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று பட்டது. ஓரகத்தியிடம் கேட்டாள். ஓரகத்தி என்றால் கொழுந்தன் மனைவி, கூரியர் ஆபீசில் வேலை, நாள் முழுக்க ஜனங்கள் எழுதுகிற வசவைப் படித்துப் படித்து விவரம் தெரிந்தவள். அவள் யோசித்துவிட்டு, அக்கா, இப்படியே போகட்டும், கூரை போடுகிறவரே கூரையிலிருந்து விழுந்து செத்தார் என்று தெரிந்தால் எவன் நம்மைக் கூப்பிடுவான் என்றாள். சொன்னதில் தப்பும் இல்லை. வீட்டில் ஆறு வாய், அந்த போனை நம்பித்தான் உலை ஏறுகிறது. ஆகவே முகட்டார் போனில் மட்டும் உயிரோடு இருந்தார். பணிவாக, தப்பில்லாமல், எல்லோருக்கும் நன்றி சொல்லிக்கொண்டு.

இதில் ஆபீஸம்மாவுக்கு வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் ஒரு வருஷமாக இருந்தது. தொடுவது தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டாள், தூங்கினாள், போனை எடுத்தாள், அட்ரஸ் எழுதிக்கொண்டாள். பார்க்கிறவர்கள் கெட்டிக்காரி, தாங்கிக்கொண்டாள் என்றார்கள்.

அவளிடம் ஒரு விஷயம் இருந்தது. யாரிடமும் சொல்லாதது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ஆறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

கடைக்கு முதன்முதலில் வந்த ரிவ்யூவை எழுதியவர் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர். அஞ்சு ஸ்டார். வேலை சுத்தம், அதைவிட, மழை பெய்த மறுநாள் கூப்பிடாமலே வந்து ஏறிப் பார்த்துவிட்டுப் போனார், இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று உருகியிருந்தார். உண்மை என்னவென்றால், முகட்டார் தன் ட்ரில் மெஷினை அந்த வீட்டுக் கூரையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். மழை பெய்ததும் ஞாபகம் வந்து, விடிந்தும் விடியாததுமாக ஓடிப்போய் எடுத்து வந்தார். டிரைவரிடம் அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சம், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். வீட்டில் வந்து இதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை. சிரித்து முடித்துவிட்டு ஆபீஸம்மா பதில் எழுதினாள். எங்கள் ஒவ்வொரு வேலைக்கும் முதல் மழை பெய்ததும் நேரில் வந்து பார்ப்பது எங்கள் வழக்கம்.

இல்லாத வழக்கம். ஆனால் எழுதிய பிறகு பார்க்க அழகாக இருந்தது. அடுத்த ரிவ்யூவுக்கும் அதையே போட்டாள். வாடிக்கையாளர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், முதல் மழைக்கு வருவார்களாமே என்று சொல்லிக்கொண்டே போன் செய்தார்கள். முகட்டாரும், சரி, எழுதிவிட்டாய், போய்த்தான் தீர வேண்டும் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கழித்து எதிர்த் தெருவில் புதுக் கடை ஒன்று வந்து பத்து வருஷ உத்தரவாதம் என்று போர்டு மாட்டியது. இவள் பார்த்தாள். வரியைக் கொஞ்சம் திருத்தினாள். முதல் மழை நின்ற ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் ஆள் உங்கள் கூரையில் இருப்பார். அதை போனில் தனியாகச் சேமித்து வைத்துக்கொண்டு, வருகிற ரிவ்யூவுக்கெல்லாம் அப்படியே ஒட்டினாள்.

மழை நின்ற ஒரு மணி நேரத்தில் எந்தக் கூரையும் காயாது. இது கூரைக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாததா. தெரியும். எழுதும்போது அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

போன வருஷ முதல் மழையன்று ஐந்து வீட்டு அட்ரஸை வரிசைப்படுத்தி முகட்டாருக்கு அனுப்பியவளும் அவளே. மூன்றாவது, தையல்காரர் வீடு. ஷீட்டில் பாசி. பதினோரு அடி உயரம்தான், அவருக்கு அதெல்லாம் ஒரு உயரமே இல்லை. கீழே துணி துவைக்கிற கல். ஆஸ்பத்திரியில் மூணு மணி நேரம் இருந்தார்.

அவள் எழுதியதால்தான் அவர் ஏறினார். இதுதான் அந்த விஷயம். வீட்டில் எல்லோரும் அது முகட்டார் வாக்கு, கொடுத்த வாக்குக்காகவே போய்ச் சேர்ந்தார் என்று பேசிக்கொண்டார்கள். மாமியார் அழும்போதும் அதைச் சொல்லித்தான் அழுவாள். ஆபீஸம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். மறுத்தால் முழுக் கதையையும் சொல்ல வேண்டி வருமே.

இதைவிடக் கொடுமை, அவர் போன பிறகும் அவள் அந்த வரியை ஒட்டிக்கொண்டுதான் இருந்தாள். வேண்டுமென்று இல்லை. கை பழகிவிட்டது. ரிவ்யூ வந்தால் விரல் தானாக அந்தச் சேமிப்பைத் தேடிப் போகும், எடுக்கும், ஒட்டும். போன வருஷ மழைக்காலம் முடிந்து எட்டு மாதமாக மழையே இல்லாததால் எவரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

இந்த வருஷ முதல் மழை ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்குப் பிடித்து ஏழு மணிக்கு விட்டது. படபடவென்று தகரத்தில் இறங்கின சத்தத்தில் வீடே எழுந்துகொண்டது. மாமியார் எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரகத்தி பிள்ளைகளுக்கு முட்டை வேகவைத்து ரொட்டியோடு டப்பாவில் அடைத்தாள். ஆபீஸம்மா ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு எட்டரைக்குக் கடையைத் திறந்தாள்.

கடையில் கொழுந்தன் ஏற்கெனவே வந்திருந்தார். சின்னவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், வயது நாற்பதை நெருங்குகிறது. அண்ணன் மாதிரிப் பேச்சுக்காரர் இல்லை. ஒரு நாளைக்குச் சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அண்ணன் போன பிறகு கடையை ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தியவர். அந்த வாரம் ஒரு பெரிய சரக்குக் கோடவுன் கூரை வேலைக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வந்தால் ஆறு மாதத்துக்கு ஆட்களுக்கு வேலை உண்டு. கோடவுன் மேனேஜர், எதற்கும் உங்கள் ரிவ்யூவை எல்லாம் ஒருதரம் படித்துவிட்டு வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றிருந்தார்.

பத்து மணிக்கு போன் டிங் என்றது. ஒற்றை ஸ்டார்.

எழுதியவர் மருந்துக்கடைக்காரர். நாலு மாதத்துக்கு முன்னால் அவர் வீட்டுச் சமையலறைக்கு மேலே புது ஷீட் போட்டுக் கொடுத்தது சின்னவர்தான். அப்போது அஞ்சு ஸ்டார் போட்டவர், இப்போது அதை அழித்து ஒன்றாக்கிவிட்டு எழுதியிருந்தார். மழை காலை ஏழு மணிக்கு நின்றது. உரிமையாளர் கைப்பட எழுதிய பதிலின்படி எட்டு மணிக்குள் ஆள் என் கூரையில் இருந்திருக்க வேண்டும். இப்போது மணி பத்து. சமையலறையில் சொட்டுகிறது. எழுதியதைச் செய்ய முடியாதவர்கள் எழுதக் கூடாது. கூடவே பதிலைப் படம் பிடித்தும் போட்டிருந்தார். தேதி தெரிந்தது. அந்தத் தேதிக்குச் செத்துப்போய் எட்டு மாதமான மனுஷர் கொடுத்த வாக்கு.

நாலு புள்ளி எட்டு ஒரு நொடியில் நாலு புள்ளி ஏழாகிவிட்டது. இத்தனை வருஷம் சேர்த்ததற்கு அவ்வளவுதான் கெட்டி.

ஆபீஸம்மா அதை மூன்று முறை படித்தாள். படித்ததில் பயமோ கோபமோ வரவில்லை. சரியாகத்தானே எழுதியிருக்கிறார் என்று மட்டும் தோன்றியது. அதற்குள் சின்னவர் போனிலும் அது வந்துவிட்டது. அவர் படித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார். சுவரோரம் போய், இருப்பதில் நீளமான ஏணியைத் தோளில் தூக்கினார்.

எங்கே என்று அவள் கேட்டாள். மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு, பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். மத்தியானத்துக்கு மேல் போகலாமே, கொஞ்சம் வெயில் ஏறட்டுமே என்றாள். அண்ணன் வாக்கு என்று ஒன்று இருக்கிறது இல்லையா என்றார் சின்னவர், அவள் முகத்தைப் பார்க்காமல். வெள்ளிக்கிழமை கோடவுன் மேனேஜர் படிக்கப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஏணியை வண்டியின் தலையில் கட்டப் போய்விட்டார்.

வானம் இன்னும் மூடிக்கொண்டுதான் கிடந்தது. எதிர்க்கடைத் தகரத்திலிருந்து தண்ணீர் விட்டு விட்டுச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆபீஸம்மா மேஜைக்குப் பின்னால் நின்றபடி அதைப் பார்த்தாள். சின்னவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுகிற சத்தம் கேட்டது. பதினெட்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் வேலை நடக்கிற இடத்துக்குப் போனதில்லை. அன்றைக்குக் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வண்டியின் முன்சீட்டில் போய் உட்கார்ந்தாள். சின்னவர் வண்டியை எடுத்தார்.

மருந்துக்கடைக்கு நாலு சந்து தள்ளி அவர் வீடு. மருந்துக்கடைக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் போன். கெட்ட மனுஷர் இல்லை. முப்பது வருஷமாக டாக்டர் சீட்டில் எழுதியிருப்பதை எழுதியபடியே எடுத்துக்கொடுத்துப் பழகியவர், அவருக்கு எழுத்தென்றால் எழுத்துதான். காலையில் ஒன்று என்றால் காலையில் ஒன்று. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். வந்தவர்களை உள்ளே கூட்டிப்போய்ச் சமையலறைச் சுவரைக் காட்டினார். மூலையில் தட்டு அகலத்துக்கு ஈரம், கீழே ஒரு கிண்ணம், அதில் கால்வாசிகூட இல்லை. கோபம் ஒழுகுவதற்காக இல்லை, எழுதிவிட்டுச் செய்யாமல் இருப்பதுதான் பிடிக்கவில்லை என்று விளக்கினார். "எழுதியிருக்கே" என்று இரண்டு முறை சொன்னார்.

கொல்லைப்புறம் சிமெண்ட் தரை. பக்கத்து வீட்டு மரம் ஒன்று கூரை மேல் சாய்ந்து நின்றது. அதன் இலை விழுந்து விழுந்து ஷீட்டின் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பச்சையாகப் படிந்திருந்தது. ஈரத்தில் அது மினுமினுத்தது. அதைப் பார்த்த பிறகு ஆபீஸம்மா வேறெதையும் பார்க்கவில்லை.

சின்னவர் ஏணியைச் சுவரில் சாய்த்து, அதன் காலை ஆட்டிப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். தோளில் ஸ்க்ரூவும் ரப்பர் வாஷரும் போட்ட பை. ஒன்று, இரண்டு, மூன்றாவது படியில் கால் வைத்தபோது ஆபீஸம்மா வந்து ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் விழாமல் இருக்கப் பிடிக்கிறாள் என்று மருந்துக்கடைக்காரர் நினைத்தார். அவரும் நல்ல எண்ணத்தோடு வந்து மறுபக்கம் ஒரு கை கொடுத்தார்.

"தம்பி, இறங்குங்க," என்றாள்.

"பத்து நிமிஷம் அண்ணி. முகட்ட மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"அது உங்க அண்ணன் வாக்கு இல்ல."

சின்னவர் மேலே வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"அவரு யாருக்கும் அப்படிச் சொன்னதே கெடையாது. நான் எழுதினது. மொதல் மழைன்னதும் நான்தான், ஒரு மணி நேரம்னதும் நான்தான். அந்த வேன் டிரைவர் வீட்டுக்கு அவரு ட்ரில்லை எடுக்கத்தான் போனாரு. நான் அதை வழக்கம்னு எழுதிட்டேன். எதிர்க்கடை வந்ததும் இன்னும் கூட்டி எழுதினேன். நான் எழுதலன்னா போன வருஷம் அவரு தையல்காரர் வீட்டுல ஏறியிருக்கவே மாட்டாரு. அவரு போனதுக்கு அப்பறமும் அதையேதான் எழுதிக்கிட்டிருக்கேன். இவருக்கு எழுதினதும் நான்தான்."

ஒரு வருஷமாக இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவள் யோசித்திருந்தாள். தலை சுற்றும், நாக்கு ஒட்டிக்கொள்ளும், பூமி பிளக்கும் என்றெல்லாம். ஒன்றும் ஆகவில்லை. போனில் அட்ரஸ் சொல்கிற குரலில்தான் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஏணியிலிருந்து கையை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

சின்னவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"தெரியும் அண்ணி," என்றார்.

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"தையல்காரர் வீட்டுல நானும் கூட இருந்தேன்ல. பாசியா இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னேன். கேக்கல. உங்க அண்ணி எழுதிட்டாடா, நான் போகலன்னா அவ பொய் சொன்ன மாதிரி ஆயிடும்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. சொல்லிட்டுத்தான் ஏறினாரு."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது அண்ணி?"

அதுவும் சரிதான். எப்படிச் சொல்வது. இந்த ஒரு வருஷமும் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே கடையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒரே விஷயத்தை ஆளுக்கொரு பக்கமாக மூடி வைத்திருந்திருக்கிறார்கள். அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. அவர் அவளைக் காப்பாற்ற.

"அப்போ நீங்க எதுக்கு இன்னிக்கு ஏறுறீங்க? அண்ணன் வாக்குன்னு சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன்," என்றார் சின்னவர். "அவரு எதுக்கு ஏறினாரோ அதுக்குத்தான்."

அப்போதுதான் அவளுக்கு வலித்தது. எங்கே என்று சொல்ல முடியாது, எங்கும் வலித்தது. ஏதோ தான் எழுதிய விளம்பரத்துக்குப் பலியானார் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்படியில்லை. தெரிந்தே, பாசியைப் பார்த்தே, பெண்டாட்டி பேரில் ஒரு சொல் வரக் கூடாதென்று சிரித்துக்கொண்டு ஏறியிருக்கிறார் மனுஷர். ஊரில் யாருக்கும் அவள்தான் எழுதுகிறாள் என்றே தெரியாது. பொய் என்று யார் சொல்லப் போகிறார்கள். யாரும் இல்லை. அவருக்கு மட்டும் தெரியும், தனக்கு மட்டும் தெரிந்த அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான் போனார். அவள் ஏணியை விடவில்லை.

"பொய் சொன்னவளாவே இருந்துட்டுப் போறேன்," என்றாள். "கீழ இறங்குங்க."

சின்னவர் அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு மேலே ஷீட்டைப் பார்த்தார். ஸ்க்ரூப் பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு, மூன்று படியையும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார்.

மருந்துக்கடைக்காரர் பாவம், குடை எடுக்காமல் மழையில் மாட்டிக்கொண்டவர்போல் நின்றிருந்தார். உரிமையாளர் என்று போட்டிருந்ததே, அவர் இல்லாதது எனக்குத் தெரியாதே அம்மா என்றார். தெரிந்திருக்க வழியில்லை, நாங்கள்தான் சொல்லவில்லை என்றாள் அவள். இப்போதே அதை எடுத்துவிடுகிறேன், வேண்டுமானால் அஞ்சு ஸ்டாரே போட்டுவிடுகிறேன் என்று போனைத் தடவ ஆரம்பித்தார்.

"எடுக்க வேணாங்க. நீங்க எழுதினது சரிதானே. வருவோம்னோம், வரல."

"கோடவுன்காரர் பாப்பாரு அண்ணி," என்றார் சின்னவர் மெதுவாக.

"பாக்கட்டும். கீழ நான் ஒண்ணு எழுதறேன், அதையும் சேத்துப் பாக்கட்டும்."

அங்கேயே, துணி காயப்போடுகிற கம்பியின் கீழ் நின்றபடி எழுதினாள். உரிமையாளர் போன வருஷம் இறந்துவிட்டார். ஆரம்பத்திலிருந்தே பதில் எழுதுவது அவர் மனைவி. முதல் மழை நின்ற ஒரு மணி நேரத்தில் வருவோம் என்று எழுதியது தவறு, அது நடக்காது. கூரை காய்ந்த பிறகு வருவோம். அனுப்பினாள். மற்ற இருநூற்றுச் சொச்சம் பதிலிலும் அந்த வரியை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ஒரேயடியாக அழிக்க வழி கிடையாது, ஒட்டினது மாதிரியே ஒவ்வொன்றாகத்தான் எடுக்க வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும் என்று கணக்குப் போட்டாள்.

நாளைக்கு வெயில் அடித்தால் காலையில் வருகிறேன், அதுவரை கிண்ணம் இருக்கட்டும் என்று சின்னவர் சொன்னார். இருக்கட்டும், ஒரு வாரம் ஆனாலும் இருக்கட்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். ஏணியை வண்டியில் ஏற்ற அவரும் ஒரு கை பிடித்தார். வேண்டாம் என்று சொல்லியும் விடவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. பழைய வாடிக்கை, லைப்ரரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா, தனியாக இருக்கிறவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்ட கூரை. முதல் மழை பெய்திருக்கிறதே, உங்கள் வீட்டுக்காரர் வருவாரே, நான் கொஞ்சம் வெளியே போக வேண்டும், எத்தனை மணிக்கு வருவார் என்று தெரிந்தால் தேவலை என்று கேட்டார். போன வருஷம்கூட ஆளைக் காணோம், வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம்.

சின்னவர் சாவியைத் திருகப் போன கையை நிறுத்தினார்.

"அவரு செத்துட்டாருங்க," என்றாள் ஆபீஸம்மா. செத்துட்டாரு என்ற சொல்லை அவள் வாய் திறந்து சொன்னது அதுதான் முதல் தடவை. "போன வருஷம். மொதல் மழை அன்னிக்கு. ஈரக் கூரையில ஏறி, வழுக்கி விழுந்துட்டாரு."

மறுமுனையில் அந்த அம்மா பேசினார். குரல் உடைந்திருந்தது, ஆனால் கோபமும் இருந்தது, சொந்தக்காரர்களுக்கு வருகிற கோபம்.

"நான் ஒவ்வொரு வருஷமும் அவர்கிட்டச் சொல்வேனேம்மா, எனக்கு என்ன அவசரம், காஞ்சப்பறம் வாங்கன்னு. ரெண்டு நாள் சொட்டினா என்ன ஆயிடப் போவுது. ஈரத்துல போயி யாரும்மா அவரை ஏறச் சொன்னது?"

"நான்தாங்க," என்றாள்.